பள்ளிக்கணினிக் கொள்முதலில் திட்டமிடலும் மதிப்பீடும்: பிரித்தானிய அனுபவமும் இந்தியாவின் ‘கிளாஸ்’ திட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

பள்ளிகளுக்குக் கணினி வாங்குதல் தொழில்நுட்பம் சார்ந்த நிர்வாகச் செயலாகவே பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. அதைக் கல்வி வரலாற்றின் ஒரு பகுதியாக அணுகும் முயற்சி தமிழாய்வில் குறைவு. 1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய அரசு பள்ளிகளுக்குக் கணினி வழங்கிய முறையையும், அங்கே தேர்வான பிபிசி மைக்ரோ கணினியை இந்திய அரசு 1984–85இல் ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியாகப் பள்ளிகளில் அறிமுகப்படுத்திய முறையையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. கணினியின் தகுதி என்பது அது பயன்படும் மொழி, பாடத்திட்டம், பராமரிப்புச் சூழல் ஆகியவற்றோடு பிணைந்தது என்பதும், ஓரிடத்தில் நிகழ்ந்த மதிப்பீட்டை மற்றோரிடம் இரவலாகக் கொள்ளும்போது அப்பிணைப்பு அறுபடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். அந்தக் கணினியின் நினைவகக் கட்டமைப்பில் தமிழ் எழுத்தைக் காட்டுவதற்கு ஆகும் செலவு இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பள்ளிக்கணினி, கொள்முதல், விவரக்குறிப்பு, பிபிசி மைக்ரோ, கிளாஸ் திட்டம், இரவல் மதிப்பீடு, தமிழ்க் கணிமை.

1. முன்னுரை

கரும்பலகை, மேசை, ஆய்வகக் கருவி போன்ற பள்ளிப் பொருள்களை வாங்குவதற்கும் கணினியை வாங்குவதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மேசை வாங்கிய நாளிலிருந்தே மேசைதான். கணினியோ மென்பொருள், ஆசிரியர் பயிற்சி, மின்சாரம், உதிரிபாகம், பழுதுபார்ப்பவர் ஆகிய அனைத்தும் வந்து சேர்ந்த பின்னரே பள்ளிக்கருவி ஆகிறது. ஆகவே அதன் விலை கொள்முதல் ஆணையில் எழுதப்பட்ட தொகையோடு முடிவதில்லை. அதன் தகுதியும் விவரக்குறிப்பில் உள்ள எண்களோடு முடிவதில்லை.

இன்று வெளிப்படையாகத் தோன்றும் இக்கருத்து அரசுகளுக்குப் பட்டறிவின் வழியாகவே கிட்டியது. நுண்செயலிக் கணினிகள் சந்தைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1980ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், ‘பள்ளிக்கு எந்தக் கணினி?’ என்ற கேள்விக்கு முன்மாதிரி விடை எதுவும் இல்லை. அவ்விடையை உருவாக்கிய முறைகளுள் நன்கு ஆவணப்படுத்தப்பட்டது பிரித்தானியாவினுடையது. இந்தியா பின்பற்றியதும் அதையே. இவ்விரண்டையும் ஒருசேர ஆராயும்போது, எந்தக் கணினி வாங்கப்பட்டது என்பதைக் காட்டிலும் யார், எதை அளவுகோலாகக் கொண்டு, எப்போது மதிப்பிட்டனர் என்பதே முதன்மையான வினாவாக எழுகிறது.

திட்டமிடல், தேர்வு, பராமரிப்பு, விளைவு மதிப்பீடு என்னும் நான்கு நிலைகளாகக் கொள்முதலைப் பகுத்து, ஒவ்வொரு நிலையிலும் முடிவெடுத்த அமைப்பு எது என்பதை இக்கட்டுரை கவனிக்கிறது. பொதுவெளியில் அறியப்பட்ட கொள்கை வரலாறும் கணினியின் தொழில்நுட்பக் கட்டமைப்புமே இதன் தரவுகள். தனிப்பட்ட பள்ளிகளின் அனுபவங்கள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

2. பிரித்தானியா: இரு துறைகள், இரு நிதிகள்

1978ஆம் ஆண்டு மார்ச்சில் பிபிசி தொலைக்காட்சி நுண்செயலியின் வருகை குறித்து ஒளிபரப்பிய ஆவணப்படம் பிரித்தானியாவில் பரவலான விவாதத்தைத் தோற்றுவித்தது. தொழிற்சாலை வேலைகள் என்னவாகும், அடுத்த தலைமுறை எதைக் கற்க வேண்டும் என்ற கவலைகள் கொள்கை வகுப்போரிடம் எழுந்தன. இதன் தொடர்ச்சியாக 1980இல் கல்வித்துறை ‘நுண்மின்னணுக் கல்வித் திட்டம்’ ஒன்றை அறிவித்தது. ரிச்சர்ட் ஃபாதர்கில் இதன் இயக்குநராக நியமிக்கப்பட்டார். பாடப்பொருள் உருவாக்கம், ஆசிரியர் பயிற்சி, வட்டார அளவிலான தகவல் பரிமாற்றம் ஆகியவை இத்திட்டத்தின் பணிகள். 1986 வரை செயல்பட்ட இத்திட்டத்தின் நோக்கம் பள்ளிகளுக்குக் கணினி வாங்கித் தருவதன்று.

கணினி வாங்கும் நிதி வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1981 ஏப்ரலில் பிரதமர் மார்கரெட் தாட்சர் அறிவித்த ‘மைக்ரோஸ் இன் ஸ்கூல்ஸ்’ திட்டம் தொழில்துறையின் திட்டமாகும். 1982ஆம் ஆண்டு இறுதிக்குள் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் குறைந்தது ஒரு கணினியேனும் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. கணினி விலையில் பாதியைத் தொழில்துறை மானியமாக அளித்தது. மறுபாதியைப் பள்ளியோ உள்ளூர்க் கல்வி ஆணையமோ ஏற்க வேண்டும். தகவல் தொழில்நுட்பத்துக்கெனத் தனி அமைச்சராக இருந்த கென்னத் பேக்கர் தொழில்துறையில்தான் பொறுப்பு வகித்தார் என்பதும் கருதத்தக்கது.

இப்பிரிவினையின் விளைவு ஆழமானது. எதைக் கற்பிப்பது என்பதைக் கல்வித்துறை முடிவு செய்தது. எதைக் கொண்டு கற்பிப்பது என்பதைத் தொழில்துறை முடிவு செய்தது. மானியத்துக்குத் தகுதியான கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றவை பிரித்தானிய நிறுவனங்களின் தயாரிப்புகளே. அப்போதே சில பள்ளிகளில் பயன்பாட்டில் இருந்த ஆப்பிள் 2, கொமடோர் பெட் ஆகிய அமெரிக்கக் கணினிகளுக்கு அப்பட்டியலில் இடமில்லை. உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பது நியாயமான அரசு நோக்கமே. ஆனால் அது கல்வி மதிப்பீட்டின் அளவுகோல் அன்று. இரண்டும் ஒரே பட்டியலில் கலந்தபோது, ஒரு கணினி எந்தக் காரணத்துக்காகத் தேர்வானது என்பதைப் பள்ளிகளால் பிரித்தறிய இயலவில்லை.

3. விவரக்குறிப்பு முதலில், கணினி பின்னர்

உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தொடக்கத்தில் இரு தேர்வுகள் இருந்தன. ஒன்று, ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரிசர்ச் மெஷின்ஸ் நிறுவனத்தின் 380இசட். மற்றொன்று, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ. இவற்றுள் இரண்டாவது உருவான முறை கொள்முதல் வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது.

பொதுமக்களுக்குக் கணினியறிவூட்டும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் திட்டமிட்ட பிபிசி, அத்தொடரோடு இணைந்து பயன்படும் கணினி எவ்வாறு இருக்க வேண்டும் என்று ஒரு விவரக்குறிப்பை முதலில் வகுத்தது. நியூபரி லேபரட்டரீஸ் நிறுவனத்தின் நியூபிரெய்ன் கணினி முதலில் கருதப்பட்டது. அந்நிறுவனத்தால் உரிய காலத்தில் தர இயலாது என்பது தெளிவானதும் சிங்க்ளேர், ஏக்கார்ன் உள்ளிட்ட பிற நிறுவனங்கள் அணுகப்பட்டன. ஏக்கார்னின் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் முதலியோர் ஒரே வாரத்தில் செயல்படும் முன்மாதிரி ஒன்றை உருவாக்கிக் காட்டினர். 1981 டிசம்பரில் பிபிசி மைக்ரோ அறிவிக்கப்பட்டது. 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது.

பிபிசியின் விவரக்குறிப்பில் கற்பித்தலுக்கு நேரடியாகத் தொடர்புடைய கூறுகள் இருந்தன. நிரல்மொழியான பேசிக் கட்டமைப்புடையதாக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெறும் வரியெண் தாவல்களை நம்பாமல், பெயரிட்ட செயல்முறைகளாக நிரலைப் பகுத்து எழுத பிபிசி பேசிக் இடமளித்தது. அச்சுப்பொறி, வெளிக்கருவிகள், ஒப்புமை உள்ளீடு ஆகியவற்றுக்கான இணைப்புகளும், ‘டியூப்’ என்ற இடைமுகத்தின் வழியாக இரண்டாவது செயலியை இணைக்கும் வசதியும் அக்கணினியில் அமைந்தன. ஈக்கோநெட் என்ற வலையமைப்பின் மூலம் ஒரு வகுப்பறையின் கணினிகள் ஒரே சேமிப்பகத்தைப் பகிர முடிந்தது. இவ்விரிவாக்க வசதிகளே அக்கணினியைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நிலைக்கச் செய்தன.

ஆயினும் திட்டமிடலின் குறைகளும் இங்கேயே வெளிப்பட்டன. தொடக்கத்தில் 235 பவுண்டு, 335 பவுண்டு என அறிவிக்கப்பட்ட ஏ, பி மாதிரிகளின் விலை விரைவிலேயே 299, 399 பவுண்டாக உயர்ந்தது. திரை, ஒலிநாடாக் கருவி, வட்டு இயக்கி ஆகியவை அவ்விலையில் அடங்கவில்லை. மொத்தத் தேவை ஏறத்தாழ 12,000 கணினிகள் என்று முதலில் கணிக்கப்பட்டது. இறுதியில் விற்றவையோ 15 லட்சத்துக்கும் மேல். தேவையை இவ்வளவு குறைத்து மதிப்பிட்டதாலும் சில்லுகளின் உற்பத்திச் சிக்கல்களாலும் முன்பதிவு செய்தோர் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. தொலைக்காட்சிப் பாடம் தொடங்கிய நாளில் பாடத்துக்குரிய கணினி பலரின் கைக்கு வந்து சேரவில்லை. கொள்முதலின் காலஅட்டவணையும் கற்பித்தலின் காலஅட்டவணையும் வெவ்வேறு என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

4. தொகுப்பாக வாங்குதல்: தொடக்கப்பள்ளித் திட்டம்

1982இல் தொடக்கப்பள்ளிகளுக்கும் பாதி விலை மானியம் நீட்டிக்கப்பட்டது. இம்முறை பட்டியலில் மூன்று கணினிகள் இருந்தன: பிபிசி மைக்ரோ பி, ரிசர்ச் மெஷின்ஸ் 480இசட், சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம். உயர்நிலைப் பள்ளித் திட்டத்திலிருந்து இது ஒரு வகையில் முன்னேறியிருந்தது. கணினியோடு திரையும் ஒலிநாடாக் கருவியும் சேர்ந்த தொகுப்பாக இது வழங்கப்பட்டது. ‘மைக்ரோ பிரைமர்’ என்ற பயிற்சி நூல்களும் மாதிரி நிரல்களும் உடன் வந்தன. ஆசிரியர் பயிற்சியும் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. தனிப்பொருளாக வாங்குவதிலிருந்து பயன்பாட்டுத் தொகுப்பாக வாங்குவதற்குக் கொள்முதல் நகர்ந்ததை இது காட்டுகிறது.

எனினும் ஒன்றுக்கொன்று ஒத்தியங்காத மூன்று கணினிகள் ஒரே திட்டத்தில் இடம்பெற்றதால், கல்வி மென்பொருள் ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுத வேண்டியதாயிற்று. ஒரு கணினியின் ஒலிநாடாவை இன்னொன்று படிக்காது. அருகருகே உள்ள இரு பள்ளிகள் வெவ்வேறு கணினிகளை வாங்கியிருந்தால் ஆசிரியர்கள் தம் நிரல்களைப் பகிர்ந்துகொள்ள இயலாது. பள்ளிக்குத் தெரிவுரிமை அளித்தல், வட்டாரத்தில் ஒருமைப்பாட்டைக் காத்தல் என்னும் இரண்டு நன்மைகள் இங்கே முரண்பட்டன. பல உள்ளூர்க் கல்வி ஆணையங்கள் தம் எல்லைக்குள் ஒரே கணினியை ஆதரிக்கும் கொள்கையை வகுத்து இம்முரணைத் தீர்க்க முயன்றன. பெரும்பான்மைப் பள்ளிகளில் பிபிசி மைக்ரோ நிலைபெற்றமைக்கு அதன் தொழில்நுட்பத் தகுதியைப் போலவே இவ்வொருமைப்பாட்டின் ஈர்ப்பும் காரணமாகும்.

மானியங்கள் வந்த வரிசையும் ஆய்வுக்குரியது. முதலில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வன்பொருள், அடுத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கு வன்பொருள். மென்பொருள் வாங்குவதற்கான மானியம் 1980களின் நடுப்பகுதியில்தான் வந்தது. பயன்பாட்டைத் தீர்மானிக்கும் கூறு இவ்வாறு வரிசையில் பின்தங்கியது.

இதே காலத்து அமெரிக்க முன்மாதிரி ஒன்று ஒப்புநோக்கத்தக்கது. மின்னசோட்டா மாநிலம் 1973இல் கல்விக் கணிமைக்கான கூட்டமைப்பு ஒன்றை நிறுவியிருந்தது. பெருங்கணினி ஒன்றைத் தொலைபேசி வழியாகப் பள்ளிகள் பகிர்ந்துகொள்ளும் முறையை நடத்திய அவ்வமைப்பு, 1978இல் நுண்கணினிகளை மதிப்பிட்டு ஆப்பிள் 2ஐத் தேர்ந்தெடுத்தது. மதிப்பிட்ட அமைப்பே பள்ளிகளுக்கு மென்பொருள் எழுதும் அமைப்பாகவும் ஆசிரியர்களுக்கு உதவும் அமைப்பாகவும் இருந்தது. தவறான கணினியைத் தேர்ந்தால் அதன் சுமையைத் தாமே சுமக்க வேண்டும் என்ற நிலை அதற்கிருந்தது. பிரித்தானியாவில் தேர்வு செய்த துறைக்கு அச்சுமை இல்லை.

5. கிளாஸ் திட்டம்: கடல் கடந்த கணினி

இந்தியாவில் பள்ளிகளுக்கான கணினியறிவுத் திட்டம் 1984–85இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. பள்ளிகளில் கணினியறிவும் கணினிக் கல்வியும் என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் இது ‘கிளாஸ்’ எனப்பட்டது. நடுவண் அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் இணைந்து நடத்திய இத்திட்டம் ஏறத்தாழ 250 பள்ளிகளில் செயற்பட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு கல்விசார் பணிகளில் பங்கேற்றது. பொறியியல் கல்லூரி முதலிய உயர்கல்வி நிறுவனங்கள் சில வள மையங்களாக அமைந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தன. கணினி பற்றிய அச்சத்தைப் போக்குதல், அதன் பயன்களை உணர்த்துதல், நேரடியாக இயக்கிப் பழகச் செய்தல் ஆகியவை திட்டத்தின் நோக்கங்கள். 1984 நவம்பரில் வெளிவந்த கணினிக் கொள்கையும், கணினியறிவைப் பள்ளி நிலையிலிருந்தே பரவலாக்க வேண்டும் என்ற 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் இத்திட்டத்துக்குப் பின்புலமாயின.

தேர்வான கணினி பிபிசி மைக்ரோ. இத்தேர்வுக்குச் சாதகமான கூறுகள் பல இருந்தன. பள்ளிகளில் பரந்த அளவில் பயன்படுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்ட கணினி அது. ஆயத்தமான கல்வி மென்பொருளும் ஆசிரியர் கையேடுகளும் அதற்கு இருந்தன. வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் இரு நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றே. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி இந்தியாவில் அறிமுகமான வண்ணத் தொலைக்காட்சியும் பிரித்தானியாவைப் போலவே ‘பால்’ முறையைப் பின்பற்றியது. அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இக்கணினியை உள்நாட்டிலும் தயாரித்தது. இவ்வகையில் நோக்கும்போது இத்தேர்வைப் பொறுப்பற்றதென்று கூற இயலாது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பிபிசி மைக்ரோ நல்ல பள்ளிக்கணினி என்ற முடிவு பிரித்தானியச் சூழலில் எட்டப்பட்டது. அச்சூழலில் பாடத்திட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. தொலைக்காட்சித் தொடர் துணை நின்றது. உள்ளூர்க் கல்வி ஆணையத்தின் ஆலோசகர் இருந்தார். பழுதுபார்க்கும் விற்பனையாளர் அருகில் இருந்தார். மாணவர் பலரின் வீட்டிலும் ஏதோவொரு கணினி இருந்தது. இவை யாவும் கணினியின் விவரக்குறிப்பில் எழுதப்படாத, ஆனால் அதன் வெற்றியில் பங்குகொண்ட கூறுகள். கணினி இந்தியாவுக்கு வந்தது, இவை வரவில்லை. ஒரு சூழலில் நிகழ்ந்த மதிப்பீட்டின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்முடிவுக்கு அடிப்படையான நிபந்தனைகளை விட்டுவிடுவதை இக்கட்டுரை ‘இரவல் மதிப்பீடு’ என்று குறிக்கிறது.

6. தமிழ் எழுத்தும் 32 கிலோபைட்டும்

இரவல் மதிப்பீட்டின் விளைவை எண்ணளவில் காட்டக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது எழுத்து.

பிபிசி மைக்ரோ பி மாதிரியில் 32 கிலோபைட் நினைவகம் இருந்தது. திரையில் தோன்றும் எழுத்தும் நிரலும் இதே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொண்டன. கணினிக்கு எட்டுத் திரைமுறைகள் இருந்தன. அவற்றுள் ஏழாம் முறை தொலையெழுத்துச் சில்லைப் பயன்படுத்தியது. எழுத்து வடிவங்கள் அச்சில்லிலேயே நிலையாகப் பதிந்திருந்ததால், ஒரு முழுத்திரைக்கு 1 கிலோபைட் மட்டுமே போதுமானதாக இருந்தது. ஏனைய முறைகளில் திரைக்கு 8 முதல் 20 கிலோபைட் வரை செலவாயிற்று. ஒலிநாடாவைப் பயன்படுத்தும் கணினியில் கணினியின் சொந்தத் தேவைக்கு ஏறத்தாழ 3.5 கிலோபைட் போக, ஏழாம் முறையில் நிரலுக்கு ஏறத்தாழ 27.5 கிலோபைட் எஞ்சியது. வட்டு இயக்கி இணைக்கப்பட்டால் கணினியின் சொந்தத் தேவை 6 கிலோபைட்டுக்கு மேல் உயர்ந்து எஞ்சுவது மேலும் குறைந்தது. ஆங்கிலக் கல்வி மென்பொருள் எழுதுவோர் பலரும் ஏழாம் முறையை நாடியமைக்கு இச்சிக்கனம் ஒரு காரணம்.

அச்சில்லில் தமிழ் எழுத்து இல்லை. அதிலுள்ள வடிவங்களை மாற்றவும் இயலாது. ஆகவே தமிழில் ஒரு பாடத்தை எழுத விரும்பும் ஆசிரியருக்கு ஏழாம் முறையின் கதவு அடைபட்டது. பிற முறைகளில் பயனர் தாமே எழுத்து வடிவங்களை வரையறுக்க ஒரு கட்டளை இருந்தது. ஆனால் ஒவ்வொரு வடிவமும் எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டத்துக்குள் அடங்க வேண்டும். தொடக்க நிலையில் 32 வடிவங்களையே வரையறுக்கலாம். கூடுதலாக வேண்டுமெனில் நிரலுக்குரிய நினைவகத்திலிருந்து இடம் ஒதுக்க வேண்டும். தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி வடிவம் தேவையில்லை. துணையெழுத்துகளைத் தனியே அமைத்தாலும், புள்ளியெழுத்துகள், உகர ஊகார வரிசைகள் ஆகியவற்றைச் சேர்த்தால் நூற்றையொட்டிய வடிவங்கள் தேவைப்படும். ண, ஞ, ஐ போன்ற அகன்ற எழுத்துகளை எட்டுப் புள்ளி அகலத்தில் தெளிவாக வரைய இயலாது. இரு கட்டங்களை இணைத்தால் 40 எழுத்து கொள்ளும் வரியில் ஏறத்தாழ பாதியே இடம்பெறும்.

வரைவடிவ முறைகளுள் சிக்கனமான நான்காம் முறையைத் தேர்ந்தாலும் திரைக்கு 10 கிலோபைட் செலவாகி, நிரலுக்கு ஏறத்தாழ 18.5 கிலோபைட்டே எஞ்சும். அதுவும் இரு நிறங்களில் மட்டும். 80 கட்டங்கள் கொண்ட வரியைத் தரும் சுழியாம் முறைக்கு 20 கிலோபைட் செலவாகும். எஞ்சுவது ஏறத்தாழ 8.5 கிலோபைட். இக்கணக்கில் எழுத்து வடிவங்களுக்கான இடம் இன்னும் கழிக்கப்படவில்லை.

இதன் பொருள் தெளிவானது. ஒரே விலைக்கு வாங்கிய ஒரே கணினி, ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் பள்ளிக்கு 27.5 கிலோபைட் கணினியாகவும், தமிழில் பாடம் நடத்தும் பள்ளிக்கு 18.5 அல்லது அதற்கும் குறைந்த கிலோபைட் கணினியாகவும் இருந்தது. ‘32 கிலோபைட்’ என்ற விவரக்குறிப்பு இரண்டிலும் மாறவில்லை. அது பொய்யும் அன்று. ஆனால் பயன்படுத்துவோர் மொழி எது என்று கேட்காத மதிப்பீடு இவ்வேறுபாட்டைக் காண இயலாது. தாய்மொழிவழிக் கல்வியின் இழப்பு எந்தக் கொள்முதல் கோப்பிலும் செலவினமாகப் பதிவாவதில்லை.

7. பராமரிப்பும் காலத்தின் விலையும்

கிளாஸ் திட்டம் விரிந்து, 1980களின் இறுதிக்குள் 2,500க்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்டியது. இவ்விரிவாக்கம் நிகழ்ந்த ஆண்டுகளில் கணினி பிறந்த நாட்டில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1985இல் நிதி நெருக்கடிக்குள்ளான ஏக்கார்னின் கணிசமான பங்கை இத்தாலியின் ஒலிவெட்டி வாங்கியது. 1986இல் மாஸ்டர் வரிசையும் 1987இல் முற்றிலும் வேறான செயலியைக் கொண்ட ஆர்க்கிமிடீஸ் கணினியும் வந்தன. அலுவலக உலகில் ஐபிஎம் ஒத்தியல்புக் கணினிகள் நிலைபெற்றுவிட்டன. ஒரு நாடு முன்னோடித் திட்டத்திலிருந்து பரவலாக்கத்துக்குச் செல்ல எடுத்துக்கொள்ளும் காலத்தில் கணினியின் சந்தை வாழ்வு முடிந்துவிடுகிறது என்னும் பொதுவிதிக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

எட்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் கிளாஸ் நடுவண் அரசின் நிதியுதவித் திட்டமாக மாற்றப்பட்டது. அப்போது பிபிசி மைக்ரோ உள்ள பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு மானியம் அளிக்கவும், புதிய பள்ளிகளுக்கு வேறு கணினிகள் வழங்கவும் ஏற்பாடாயிற்று. பழைய கணினிக்குப் பராமரிப்பு, புதிய கணினிக்குக் கொள்முதல் என நிதி இரண்டாகப் பிரிந்தது. ஒரே திட்டத்தின் மாணவர்கள் இரு வேறு தலைமுறைக் கணினிகளில் கற்றனர். வாங்கும்போதே ஓய்வுபெறும் ஆண்டையும் திட்டமிட்டிருந்தால் இப்பிளவின் அளவு குறைந்திருக்கும்.

8. விளைவு மதிப்பீடு: எப்போதும் பின்தங்கும் நிலை

கொள்முதலின் இறுதி நிலை, வாங்கியதால் கற்றல் மேம்பட்டதா என்று அறிதல். பிரித்தானியாவில் இக்கேள்விக்கு விரிவான விடை தேடிய ‘இம்பாக்ட்’ ஆய்வை லண்டன் கிங்ஸ் கல்லூரி நடத்தியது. அதன் அறிக்கை வெளிவந்த ஆண்டு 1993. முதல் மானியம் அறிவிக்கப்பட்ட 1981இலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின். தகவல் தொழில்நுட்பம் கற்றலுக்குப் பங்களித்தது என்றாலும் அப்பங்களிப்பு எல்லாப் பாடங்களிலும் எல்லா வயதிலும் ஒரே சீராக இல்லை என்றும், ஆசிரியரின் பங்கு முதன்மையானது என்றும் அது கண்டது.

பிற்காலத்தில் பெரு நாட்டின் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டமும் இதையே உறுதிசெய்தது. 319 தொடக்கப்பள்ளிகளை உள்ளடக்கி அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. மாணவருக்குக் கிட்டிய கணினிகளின் விகிதம் 0.12இலிருந்து 1.18ஆக உயர்ந்தபோதும் கணிதம், மொழி ஆகியவற்றின் தேர்வு மதிப்பெண்ணில் விளைவு எதுவும் புலப்படவில்லை என்று அது காட்டியது. இருபது ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு ஆய்வுகளும் கொள்முதலின் வெற்றியை வழங்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது என்பதை உணர்த்துகின்றன. இரண்டுமே முதன்மையான வாங்கல் முடிவு எடுக்கப்பட்ட பின்னரே வந்தன என்பதும் மறக்கத்தக்கதன்று.

9. தமிழ்நாட்டுத் தொடர்ச்சி

தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கான கணினிக் கொள்முதலில் 1977இல் நிறுவப்பட்ட எல்காட் நிறுவனம் நெடுங்காலமாகப் பங்காற்றி வருகிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கும் அதுவே கொள்முதல் அமைப்பு. பள்ளியின் உடைமையாக இருந்த கணினி மாணவரின் உடைமையாக மாறியது இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. ஆய்வகப் பூட்டுக்குள் இருந்த கருவி வீட்டுக்குச் சென்றது சமூகநீதி நோக்கில் சிறிய மாற்றமன்று. ஆயினும் பராமரிப்புப் பொறுப்பும் அதனுடன் பள்ளியிலிருந்து குடும்பத்துக்குப் பெயர்ந்தது. உத்தரவாதக் காலம் முடிந்த பின் மின்கலம் மாற்றும் செலவு யாருடையது என்பது கிளாஸ் காலத்துக் கேள்வியின் புதிய வடிவமே.

சட்ட நிலையில் ஓர் இடம் கவனத்துக்குரியது. 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்க வேண்டும் என்கிறது. ஆனால் அக்குறைவு, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் குறிப்பிடப்பட்ட, அளவிடத்தக்க கூறுகளுக்கு உரிய எடையளித்துக் கணிக்கப்பட வேண்டும் என்பதும் அதன் ஏற்பாடாகும். எனவே ஐந்தாண்டுப் பராமரிப்பு, மின்செலவு, தமிழ் உள்ளீட்டு வசதி, உதிரிபாகக் கிடைப்பு ஆகியவற்றை மதிப்பீட்டுக் கூறுகளாக்க விரும்பினால் அவற்றை ஆவணத்திலேயே எழுத வேண்டும். புள்ளிகளைத் திறந்த பின் அவற்றைச் சேர்க்க இயலாது. திட்டமிடலுக்குரிய இடம் விவரக்குறிப்பு எழுதும் மேசைதான் என்பதைச் சட்டமும் உணர்த்துகிறது. அம்மேசையில் ஆசிரியருக்கு இடமுண்டா என்பதே எஞ்சும் வினா.

10. முடிவுரை

இவ்வாய்வின் வழியாகப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கணினியைத் தேர்வு செய்யும் அமைப்பும் அதைக் கொண்டு கற்பிக்கும் அமைப்பும் பிரிந்திருக்கும்போது தேர்வின் அளவுகோல் கல்வியிலிருந்து விலகுகிறது. பிரித்தானியத் தொழில்துறையின் பட்டியல் இதற்குச் சான்று. மின்னசோட்டாவின் கூட்டமைப்பு மாற்றுவழி இருந்ததைக் காட்டுகிறது.

இரண்டாவது, பயன்பாட்டிலிருந்து தொடங்கி வகுக்கப்பட்ட விவரக்குறிப்பு நீடித்த கருவியைத் தருகிறது. பிபிசியின் விவரக்குறிப்பு வென்றது அதனாலேயே. ஆயினும் அது ஒரு மொழிக்கும் ஒரு பாடத்திட்டத்துக்கும் உரிய விவரக்குறிப்பு. அதன் முடிவை இரவலாகப் பெற்ற இந்தியா, தன் மொழிகளுக்குரிய விவரக்குறிப்பை வகுக்கும் வாய்ப்பை இழந்தது. தமிழ் எழுத்துக்கு ஆகும் நினைவகச் செலவு அவ்விழப்பின் அளவைக் காட்டுகிறது.

மூன்றாவது, பராமரிப்பும் ஓய்வுறுத்தலும் கொள்முதல் திட்டத்தின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டியவை. விளைவு மதிப்பீடும் அவ்வாறே. வாங்குவதற்கு முன்பே சில பள்ளிகளில் அளவீட்டைத் தொடங்கினால்தான் பின்னர் ஒப்பிட ஏதேனும் இருக்கும்.

பள்ளிகளின் இருப்புப் பதிவேடுகள், வள மையங்களின் பயிற்சிக் குறிப்புகள், ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்களின் நினைவுகள் ஆகியவை தொகுக்கப்பட்டால் தமிழ்நாட்டில் கிளாஸ் திட்டத்தின் வகுப்பறை வரலாற்றை எழுத இயலும். நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில் அப்பதிவேடுகள் கழிவுத்தாளாகும் முன் அப்பணி தொடங்கப்பட வேண்டும்.